நல்லாப் புளிச்ச பியர்

சிட்னியின் மெரிலேண்ட்ஸில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் கீத், ஒரு குளிர்சாதனப் பெட்டியைச் சூடாக்குவதற்காக வைத்திருந்தார். சொன்னால் நம்பமாட்டீர்கள். எழுபதுகளில் நாங்கள் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிடும்போது, குளிர்ப்பெட்டி உள்ள வீடுகளை விரல்விட்டு எண்ணலாம். இருந்தவர்களும் வருகிறவர் போகிறவர் கண்ணில் படும்படி அதை விறாந்தையில்தான் வைத்திருந்தார்கள். கீத்தின் பெட்டியோ பழுதாகிப்போய், உடுப்புத் தோய்க்கும் அறை மூலையில் நின்றது. தட்டுகளைக் கழற்றிவிட்டு உள்ளே ஒரு மின்குமிழை எரியவிட்டிருந்தார். அந்த வெக்கையில் புத்தம்புதிய பிளாஸ்டிக் குப்பைவாளி ஒன்று மூடியோடு குந்திக்கொண்டிருந்தது. குப்பைவாளிக்குள் பியர்!

வீட்டிலேயே பியர் காய்ச்சச் சட்டம் இடம்கொடுத்த புதிது அது. ரயில் பட்டறையில் ஃபிட்டராக இருந்த கீத்துக்கு அது ஒரு பைத்தியம். குளிர் கூடினால் ஈஸ்ட் நித்திரைக்குப் போய்விடுமாம். சூடு கூடினால் பியர் கெட்ட மணம் மணக்குமாம். மாரியில் மின்குமிழ். கோடையில் வாளியைத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கி, ஈரச் சாக்கைச் சுற்றிவிடுவாராம். ஈரச் சாக்கு எனக்குத் தெரிந்த வித்தைதான். எங்கள் தண்ணீர்ப் பானைக்கு நாங்கள் செய்யாததா?

எனக்கு அப்போது மூன்றாம் மாதம். தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை. சோற்று மணம் பட்டாலே ஓங்காளம். ஆனால் ஒன்றே ஒன்றுக்கு நாக்கு ஏங்கியது: அப்பம். ஓரம் முறுகி நடுவில் மெத்தென்று இருக்கும் பாலப்பம். அந்த ஆசை பொல்லாத ஆசை. பஸ்ஸுக்கு நிற்கும்போது அப்பச்சட்டி 'சொய்' என்று இரைவது காதில் கேட்கும். அம்மா பக்கத்தில் இருந்திருந்தால் கேட்காமலே சுட்டுத் தந்திருப்பார். அம்மாவோ கடலுக்கு அப்பால். அழுதுகொண்டே அரிசி ஊறப்போட்டேன். உலர்ந்த தேங்காய்த்தூளைச் சுடுதண்ணீரில் பிசைந்து பால் எடுத்தேன். மா கரைத்தது கரைத்தபடி கிடந்தது. சிட்னிக் குளிரில் அது பொங்கினால்தானே! இவர் பேக்கிங் பவுடர் வாங்கிவந்து போட்டுப் பார்த்தார். அதைத் தின்னவா நான் கடல் கடந்து வந்தேன்?

குறை எதுவென்று எனக்குத் தெரியும். ஊரில் அப்பத்துக்குக் கள்ளு விடுவார்கள். ஆனால் எங்கள் வீடு ஆசாரமான சைவ வீடு. கள்ளு என்ற சொல் வாயில் வரக்கூடாது. "அப்பத்துக்கு விடுறது வந்திட்டுதோ?" என்றுதான் அம்மா கேட்பார். அந்த வீட்டுப் பிள்ளை நான், வேலியோரம் போய் நின்று, "கீத், கொஞ்சம் பியர் தருவீர்களா?" என்று கேட்டேன். நான் ஓங்காளிப்பது வேலிக்கு அப்பாலும் கேட்டிருக்கவேண்டும்; மனிதர் என் வயிற்றைப் பார்த்தார்.

"லவ், இந்த நேரத்தில உனக்குப் பியர் கூடாது."

இந்த நாட்டில் மரக்கறிக் கடைக்காரனும் 'லவ்' என்றுதான் கூப்பிடுவான். குடிக்க அல்ல, மாவுக்கு என்று கையாலும் வாயாலும் விளக்கி முடிக்க எனக்கு மூச்சு வாங்கியது. ஒருவழியாக விளங்கிக்கொண்டவர், போத்தலில் அடைக்கும் நாளன்று அடியில் தங்கும் மண்டியைத் தருவதாகச் சொன்னார். பதிலுக்கு எனக்கும் ஒரு வேலை வந்தது. அவரும் மனைவி ஜூனும் வேலைக்குப் போனபின் நான் அந்த அறைக்குப் போய் வாளியைக் கையால் தொட்டுப் பார்க்கவேண்டும்; சூடு கூடினால் குமிழை அணைத்து, குளிர்ந்தால் போடவேண்டும். சைவ வீட்டுப் பிள்ளை பியருக்குக் காவல். அம்மா அறிந்தால் தலையில் அடித்திருப்பார். ஆனால் உண்மையைச் சொல்கிறேன், அந்தத் தெருவில் நான் தட்டாமல் நுழையக்கூடிய ஒரே கதவு அதுதான். அதற்காகவே விடிவதைப் பார்த்திருப்பேன்.

ஒருநாள் மூடியைத் திறந்தேன். நுரை தணிந்து, 'கம்'மென்று ஒரு மணம். நெஞ்சு நிறைந்துபோயிற்று. மாலையில் கீத் வேலியோரம் வந்து, "ஹவ்ஸ் ஷீ கோயிங்?" என்றார். அவள் எவள் என்று யோசித்து, பியரைத்தான் என்று விளங்கியதும், பெருமையோடு சொன்னேன்: "வெரி சவர், கீத்! நைஸ்லி சவர்!"

நான் நினைத்தது, நல்லாப் புளிச்சிட்டுது என்று. தோசைமா, அப்பமா, கள்ளு எல்லாமே நமக்குப் புளிப்பதுதானே. இதைவிட வேறென்ன புகழ்ச்சி? மண்டி வாங்கக் கிண்ணம் எடுக்க ஓடினேன். திரும்பி வந்து பார்த்தால், கீத் எலுமிச்சை மரத்தடியில் வாளியைச் சரித்துக்கொண்டிருந்தார். பியர் பொன்னிறமாக ஓடிக்கொண்டிருந்தது. பியர் 'சவர்' என்றால் அவர்களுக்குக் கெட்டுப்போனது என்று பிறகுதான் அறிந்தேன்.

"ஐயோ! ஐயோ! ஊத்தாதேங்கோ!"

தமிழில்தான் கத்தினேன். அவர் திகைத்து நிமிரும்போது முக்கால்வாசி மண்ணுக்குள் போய்விட்டது. நான் படியில் குந்தியிருந்து குழந்தைபோல விம்மினேன். அப்பம் போயிற்று என்று மட்டுமல்ல. இருந்த ஒரு கதவையும் என் வாயாலே சாத்திக்கொண்டேனே என்று. ஜூன் ஓடிவந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார். "சவர் குட்! சவர் குட்!" என்று நான் திரும்பத் திரும்பச் சொன்னேன். கீத் வாளிக்குள் விரலை விட்டு நக்கினார். இன்னொருமுறை நக்கினார்.

"கெட்டுப்போகேல்லை. இதுவரைக்கும் நான் காய்ச்சினதிலயே இதுதான் திறம்," என்றார் தன் பாஷையில்.

கிழித்துப் போடப்போகிறார் என்று நான் பயந்திருக்க, மனிதர் மரத்தைப் பார்த்து, "எலுமிச்சைக்கு இண்டைக்கு நல்ல வெறிதான்" என்று சிரித்தார். பிறகு அடியில் தங்கிய மண்டியை ஜாம் போத்தலில் வழித்து என் கையில் தந்தார். என் மாச்சட்டியை அந்தப் பெட்டிக்குள்ளேயே வைக்கச் சொன்னார். பியர் இருந்த இடத்தில் என் மா இருந்தது.

விடிய மா பொங்கி விளிம்பைத் தாண்டியிருந்தது. ஊரிலிருந்து கொண்டுவந்த சட்டியில் சுட்டேன். ஓரம் முறுகிற்று, நடு மெத்தென்றிருந்தது. இவர் ஒரு வாய் வைத்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"என்னப்பா, கைக்குது."

"கைச்சாலும் அப்பம்தான். பேசாமல் சாப்பிடுங்கோ."

கைத்ததுதான். பியரில் போடும் பூவின் கசப்பு. ஆனால் அது வயிற்றில் தங்கியது. கீத்துக்கும் ஜூனுக்கும் சீனி தூவிக் கொடுத்தேன். பிள்ளை பிறக்கும்வரை ஒவ்வொரு மண்டியும் எனக்குத்தான் வந்தது. பிறந்த பின்னும் வந்தது.

மகள் நடக்கத் தொடங்கியபின் ஊருக்குப் போனோம். வந்த அலுப்பு ஆறுமுன் அம்மா குசினியில் அடுப்பை மூட்டி, 'அப்பத்துக்கு விடுறது' விட்டுப் புளிக்கவைத்த மாவில் எனக்கென்று அப்பம் சுட்டார். எத்தனை நாள் நான் அழுது கேட்ட அப்பம்! வெள்ளை வெளேரென்று, இனிப்பாக. பிய்த்து வாயில் வைத்தேன். மென்றேன். எதையோ தேடி இன்னொரு துண்டு பிய்த்தேன்.

அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏன் பிள்ளை, உப்புக் காணாதோ?"

கசப்புக் காணாது என்று அந்த மனுசியிடம் எப்படிச் சொல்வது? "ஓம் அம்மா, துளி உப்பு" என்றேன். அம்மா எழும்பிப் போய் உப்பைக் கொண்டுவந்து தட்டின் ஓரத்தில் வைத்தார். நான் அதைத் தொட்டுத் தொட்டு முழுவதையும் சாப்பிட்டு முடித்தேன்.