துண்டுக்கு அடியில் ஒரு கப்பல்

வடமதுரை பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர் ஒரு மாட்டுத் தரகர். காது மடலெல்லாம் முடி, கன்னத்தில் வெற்றிலை. செல்போனைப் பச்சைத் துண்டால் மூடி, மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரல் பிடித்து ரகசியமாக விலை பேசுவதுபோல உள்ளே கையை விட்டுத் தடவிக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே, உள்ளே மாடா?" என்றேன்.

"ஆன்லைன் ஏலம் அப்பு. பொம்மைக் கப்பல், நாமளே ஒட்டிச் செய்யிறது. சல்லிசா வேணும்னா கடைசி நிமிசம் வரைக்கும் மூச்சு விடக்கூடாது."

எனக்குச் சிரிப்பு வந்தது. இன்டர்நெட்டில் எவன் இவர் துண்டுக்குள் எட்டிப் பார்க்கப் போகிறான்? நானும் ஒரு கப்பலுக்காகத்தான் ஒரு வாரமாகக் காத்துக் கிடந்தேன். என்னால் கொடுக்க முடிந்த அதிகபட்ச விலையைப் போனில் அடித்துவிட்டு, ஏலம் எப்போது முடியும் என்று மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஊர் நெருங்கும்போது ஏலம் முடிந்தது. எவனோ என்னைவிடப் பத்தே ரூபாய் கூடக் கேட்டு, கப்பலை அடித்துக்கொண்டு போயிருந்தான். அந்த முகம் தெரியாத பாவியின் வம்சத்தையே வாய்விட்டுத் திட்டினேன். தரகர் பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் துண்டை விலக்கினார். அதே கப்பல்.

"எப்படிண்ணே?"

"எம்புட்டு வரைக்கும் போவேன்னு நீதான் போனைத் தொறந்து வச்சிருந்தியே அப்பு" என்று சொல்லி, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார்.

இப்போதெல்லாம் வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்து ஏலம் கேட்டாலும் போனைத் துண்டால் மூடிக்கொள்கிறேன். என் மனைவி வேறு எதையோ சந்தேகப்படுகிறாள்.