சாப்பாட்டு நேரத்தில் சாத்திய கதவு

எங்கள் வீட்டு அழைப்பு மணி ஒரு கயிறு. பர்மிய நகரான யாங்கூனில், தாமுவே பகுதியில், நான்காவது மாடியில் குடியிருக்கிறோம். தெருவாசல் இரும்புக்கதவு எப்போதும் பூட்டியே இருக்கும். ஒவ்வொரு பால்கனியிலிருந்தும் ஒரு நைலான் கயிறு தெருவரைக்கும் தொங்கும். கீழ்முனையில் ஒரு கிளிப், மேல்முனையில் ஒரு சின்ன மணி. வந்தவர் கயிற்றை இழுப்பார், நாம் எட்டிப் பார்ப்போம், தெரிந்த முகமென்றால் கிளிப்பில் சாவியை மாட்டி இறக்குவோம். இருபத்தாறு வருடங்களுக்கு முன் அதிராம்பட்டினத்திலிருந்து கல்யாணம் முடித்து வந்த புதிதில் இதைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். எங்கள் ஊரில் பகலெல்லாம் வாசல் திறந்து கிடக்கும்; சாவி மட்டும் உம்மாவின் இடுப்பை விட்டு இறங்காது. இங்கே வாசல் திறப்பதில்லை, சாவி தெருவுக்கு இறங்குகிறது.

என் மகன் ரியாஸ் இப்போது அயர்லாந்தில் இருக்கிறான். டப்ளினுக்கு வடக்கே ஹௌத் என்ற துறைமுக ஊரில் மீன் உணவகம் ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டே படிக்கிறான். அந்த ஊர் மேட்டில் ஒரு பழைய கோட்டை இருக்கிறது. நான் ஊரில் வரலாறு படித்தவள் என்பதால், ஓய்வு நாட்களில் வெளியிலிருந்தபடியே அதை வீடியோவில் காட்டுவான். கடல் கடந்து வந்த நார்மன் வீரன் ஒருவன் அந்த மண்ணைச் சண்டையிட்டுப் பிடித்தானாம். அதன் பிறகு எண்ணூறு வருடங்களுக்கு மேல் ஒரே குடும்பத்தின் கையில் இருந்து, அண்மையில்தான் விற்றிருக்கிறார்கள். கோட்டைக்கு ஒரு மரமும் உண்டு. ஒரு கிளை முறிந்தால் குடும்பத்தில் ஒரு சாவு என்றும், மரமே விழுந்தால் வம்சமே முடிந்தது என்றும் நம்பி, கிளைகளுக்கு முட்டுக்கொடுத்து வைத்தார்களாம்.

உணவகத்தின் தலைமைச் சமையல்காரம்மா அவனுக்குச் சொன்ன இன்னொரு கதைதான் எனக்கு அதிகம் பிடித்திருந்தது. மேற்குக் கரையை ஆண்ட ஒரு கடற்தலைவி, லண்டனில் ராணியைப் பார்த்துவிட்டுக் கப்பலில் திரும்பும் வழியில், தண்ணீரும் உணவும் கேட்டு அந்தக் கோட்டை வாசலுக்கு வந்தாள். குடும்பம் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது, கதவைத் திறக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அவள் திரும்பி நடந்தாள். கடற்கரையில் விளையாடிக்கொண்டிருந்த அந்த வீட்டு வாரிசைத் தூக்கிக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். பிள்ளையை மீட்கப் பொன்னோடு போனார்கள். அவள் பொன்னைத் தொடவில்லை. சாப்பாட்டு நேரத்தில் இனி வாசலைச் சாத்தக்கூடாது, எதிர்பாராமல் வருபவருக்காக மேசையில் ஒரு தட்டு கூடுதலாக இருக்க வேண்டும் என்று வாக்கு வாங்கிக்கொண்டு பிள்ளையைத் திருப்பிக் கொடுத்தாள். போனது மகனா பேரனா என்பதிலேயே கதை சொல்பவர்கள் ஒத்துப்போவதில்லை. “உம்மா, அந்தத் தட்டை ரொம்ப காலம் வச்சிருந்தாங்களாம்,” என்றான் ரியாஸ். ஒரு வாய்ச் சோற்றுக்கு யோசித்த கோட்டைப் பிரபுவை நினைத்து நான் சிரித்தேன்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து நானும் வீட்டுக்காரரும் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில் மணி அடித்தது. எட்டிப் பார்த்தேன். கீழே தூரா நின்றான், முதுகில் கறுப்புப் பை. ரியாஸின் வகுப்புத் தோழன், என்னிடம் ஆங்கிலம் கற்றவன், எங்கள் வீட்டுச் சோற்றைப் பல வருடம் தின்றவன். பெயரை மாற்றியிருக்கிறேன், பின்னால் வரும் அவன் ஊரின் பெயரும் மாற்றியதுதான். கட்டாயப் பட்டாளச் சேவைக்கு ஆள் எடுக்கும் பட்டியலில் அவன் பெயர் வந்துவிட்டது என்று முந்தின வாரமே காதில் விழுந்திருந்தது.

“யாரு? சும்மா கயித்தப் புடிச்சிக்கிட்டே நிக்கிற, மீனா புடிக்கப் போற?” என்றார் வீட்டுக்காரர். தூரா என்று சொன்னேன். அவர் கை தட்டிலேயே நின்றுவிட்டது. இங்கே இரவு தங்கும் விருந்தாளியின் பெயரை வார்டு அலுவலகத்தில் எழுதிக்கொடுக்க வேண்டும். அவன் பெயரை எழுதவும் முடியாது, எழுதாமல் இருக்கவும் முடியாது. நானோ ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கும் வெளிநாட்டவர் அட்டையில் இருப்பவள்.

“ஸயாமா, தமின் சா பீபலா?” என்று கீழிருந்து கேட்டான். ஸயாமா என்றால் டீச்சரம்மா. சாப்பிட்டாச்சா என்பது இங்கே வணக்கம் சொல்வது போல. சாப்பிட்டுக்கொண்டிருந்தால், “லா சா, வா சாப்பிடு” என்று பதில் சொல்வது வழக்கம். நம் ஊரிலும் அப்படித்தானே. நான் “சா நே தே” என்றேன். சாப்பிட்டுக்கொண்டிருக்கிறோம். அவ்வளவுதான். மீதியைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவன் ஒரு கணம் காத்திருந்தான். பிறகு தலையாட்டி, சிரித்து, “நல்லா சாப்பிடுங்க ஸயாமா” என்று சொல்லிவிட்டு நடந்தான். சாவி என் உள்ளங்கையிலேயே இருந்தது.

சாயங்கால மஃரிப் தொழுகைக்குப் பிறகு ரியாஸ் கூப்பிட்டான்.

“உம்மா, தூரா வந்தானா?”

“வந்தான்.”

“மேல இருக்கானா? போனக் குடு.”

“மவனே, இங்க நிலைமை தெரியாம பேசாத.”

“நான்தான் அனுப்புனேன். நம்ம வீட்டுக்குப் போடா, உம்மா ஒன்னும் கேட்க மாட்டாங்கன்னு சொன்னேன். என்ன சொல்லி அனுப்புனீங்க?”

சொன்னேன். திட்டுவான் என்று நினைத்தேன். திட்டவில்லை. “நான் இங்க வந்த மொத வாரம் ஒரு வீட்டுக்காரி சாவியக் கையில குடுத்துட்டு வேலைக்குப் போயிட்டா உம்மா. என் பேருகூட அவளுக்கு ஒழுங்கா வராது,” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான். அப்போதுதான் அந்தப் பிரபு நினைவுக்கு வந்தார். அவர் சொன்ன அதே வார்த்தையைத்தான் நானும் சொல்லியிருந்தேன். கடலுக்கு அப்பால் யார் யாரோ வீட்டில் இருக்கும் என் பிள்ளையை நினைத்துக்கொண்டே தூராவைக் கூப்பிட்டேன். அவன் போன் அணைந்து கிடந்தது.

மறுநாள் காலை தூராவின் ஊரான மாவ்பிக்குப் பஸ் ஏறினேன். “நீ போயி என்னத்தக் கிழிக்கப் போற?” என்று கேட்ட வீட்டுக்காரர், அவரே நிறுத்தம் வரை வந்து ஏற்றிவிட்டார். வழியில் பட்டாளக்காரர்கள் வண்டியை நிறுத்தி இரண்டு முறை அட்டை பார்த்தார்கள். என் அட்டையைப் பார்ப்பவர் ஒவ்வொருவரும் முகத்தையும் இரண்டாம் தடவை பார்ப்பார். அன்று அதுவே ஆறுதலாக இருந்தது, வேறு எதையும் கேட்கவில்லையே என்று.

தூராவின் தாய் டோ கின் மாவ்பிச் சந்தையில் காய்கறி விற்பவர். வீடு சந்தைக்குப் பின்னால். என்னைக் கண்டதும் வாசற்படியிலேயே எழுந்து நின்றார். “வாங்க” என்று சொல்லவில்லை.

“ஸயாமா, இவ்வளவு தூரம்?”

“தூராவப் பாக்கணும்.”

“அவன் உங்க வீட்டுலதானே இருக்கான்?” சிரித்த முகமாகத்தான் கேட்டார். கண் மட்டும் என்னை விட்டு நகரவில்லை.

பாவம், இவருக்கு எதுவும் தெரியாது போல என்று முதலில் நினைத்தேன். உண்மையைச் சொல்லத் தெரிந்த பர்மியச் சொற்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். அப்போது அவர் தோளுக்குப் பின்னால், உள்தூணில், அந்தக் கறுப்புப் பை தொங்குவது தெரிந்தது. நான் பார்த்ததை அவரும் பார்த்தார். கால் ஒன்றை நகர்த்தி வாசலை இன்னும் கொஞ்சம் மறைத்தார்.

பிள்ளை உயிரோடு, பத்தடி தூரத்தில் இருந்தான். எனக்கு மூச்சு வந்தது. கூடவே இன்னொன்றும் புரிந்தது. யாரிடமிருந்தெல்லாம் மறைக்க வேண்டுமோ அவர்களில் நானும் ஒருத்தி. அதில் அவர் மேல் தப்பில்லை.

“ஆமா,” என்றேன். “எங்க வீட்டுலதான் இருக்கான். யாரு கேட்டாலும் அப்படியே சொல்லுங்க. தாமுவேல, ஸயாமா வீட்டுல. என் பேரையும் சொல்லுங்க.”

அவர் முகம் உடனே மாறவில்லை. “உங்களுக்குத் தொல்லையாகுமே, ஸயாமா. அங்க வந்து கேட்டா?”

“வெளியே போயிருக்கான்னு சொல்றேன்.”

டோ கின் உள்ளே போய் ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டு வந்தார். படியில் நின்றபடியே குடித்தேன். உள்ளே பலகை ஒன்று மெல்லக் கிறீச்சிட்டது. இருவரும் கேட்காதது போல இருந்தோம். கிளம்பும்போது, “ரியாஸ் அங்க நல்லா சாப்பிடுறானா?” என்று கேட்டார். சாப்பிடுகிறான் என்றேன்.

இதை எழுதும்போது தூரா அங்கே இல்லை. எங்கே என்று எனக்குச் சொல்லப்படவில்லை, நானும் கேட்கவில்லை. பிடிபடாமல் எங்கோ நடந்துகொண்டிருக்கிறான் என்று மட்டும் ரியாஸ் சொன்னான். ஆனால் அன்று திரும்பும் பஸ்ஸில் எனக்கு எதுவும் தெரியாது. ஜன்னலோரம் உட்கார்ந்து, வார்டில் கேட்டால் சொல்ல வேண்டியதை உதட்டுக்குள் பழகிக்கொண்டே வந்தேன். என் பர்மியத்தில் தமிழ் தட்டும். பொய்யென்று தெரிந்துவிடக் கூடாது. வெளியே போயிருக்கிறான். வேலை விஷயமாக. சீக்கிரம் வந்துவிடுவான். பாதி வழியில் போன் அடித்தது. ஊரிலிருந்து ராத்தா, என் அக்கா. “ரியாசு எப்பத்தான் வர்றான்? எங்க இருக்கான் இப்ப?” என்று கேட்டாள். “வெளிய போயிருக்கான் ராத்தா. வேலை விஷயமா. சீக்கிரம் வந்துருவான்,” என்றேன். தமிழில் அது தங்குதடையில்லாமல் வந்தது. போனை வைத்துவிட்டு, மறுபடி பர்மியத்தில் முதலிலிருந்து தொடங்கினேன்.