வா என்று கூப்பிடுகிறவள்

மேகோங் ஆற்றங்கரையில் அந்தத் தெருவில் எந்தப் பிள்ளை பயந்து போனாலும் மனிவனைத்தான் தேடி வருவார்கள். நாய் துரத்தியிருக்கும், மாமரத்திலிருந்து விழுந்திருக்கும், பக்கத்தில் இடி விழுந்திருக்கும். உடம்புக்குள் முப்பத்திரண்டு சின்ன உயிர்கள் குடியிருக்கின்றன அல்லவா, திடுக்கிடும்போது அதில் ஒன்று நழுவி விழுந்துவிடும். விழுந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கும், வீட்டுக்கு வர வழி தெரியாது. அப்புறம் பிள்ளை சாப்பிடாது, கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காது. இறால் அள்ளுகிற கைவலையை எடுத்துக்கொண்டு, பொழுது சாயும் நேரத்தில் அந்த இடத்துக்குப் போய் அள்ளிக்கொண்டு வரவேண்டும்.

அள்ளுவதற்கு யார் வேண்டுமானாலும் போதும். கூப்பிடுவதற்குத்தான் மனிவன். மந்திரம் எதுவும் அவளுக்குத் தெரியாது. "வா கண்ணு, வா" என்பாள், அவ்வளவுதான். ஆனால் அவள் சொல்லும்போது பக்கத்தில் நிற்பவர்களுக்கே எழுந்து வீட்டுக்குப் போகலாம் போல இருக்கும். அவளுடைய இந்த முப்பத்தாறு வயதுவரை அந்தத் தெருவில் அவள் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை என்று பேச்சு.

குளிர்காலப் பௌர்ணமியன்று அவள் மகள் தாவுக்கே அப்படி ஆகிவிட்டது; இது மூன்றாம் நாள்.

தாவுக்கு ஐந்து வயது. எழுந்ததிலிருந்து தூங்கும்வரை வாய் ஓயாத பிள்ளை. இப்போது தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆற்றிலிருந்து எழும் பனி ஜன்னல் வழியாக வந்து அறைக்குள் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போகும். அவள் அதையே பார்ப்பாள். தம்பி தூய், ஒன்றரை வயதுக் குண்டுப் பையன், தவழ்ந்து வந்து அவள் முடியைப் பிடித்து இழுத்தான். அதற்கும் அவள் சிணுங்கவில்லை. மனிவன் சோற்றை உருட்டி வாயருகே கொண்டுபோனாள். உதடு திறந்தது, சோறு உள்ளே போனது, மெல்லாமல் அப்படியே இருந்தது.

"ஓடையில வழுக்கி விழுந்தால்ல, அங்கதான் இருக்கும்" என்றாள் எதிர்வீட்டுப் பெங் அக்கா. பௌர்ணமியன்று மத்தியானம் தாவை ஓடையிலிருந்து தூக்கிக்கொண்டு வந்தவள் அவள்தான். "கழுத்து வரைக்கும் தண்ணி. ஒரு சத்தம் போடலியே இவ! வா, போய் அள்ளிட்டு வருவோம். ஊரு பிள்ளைக்கெல்லாம் போற, உன் பிள்ளைக்குப் போக நாள் பாக்கறியா?"

மனிவன் வலையை எடுத்தாள். அதற்குள் தாவின் சட்டை ஒன்று, ஒரு பிடி சோறு, ஒரு வாழைப்பழம், அவித்த முட்டை ஒன்று வைத்தாள். ஓடைக்கரையில் நாணல் அசையாமல் நின்றது. தண்ணீர் மேல் வெளிச்சம் இளஞ்சிவப்பாகப் படர்ந்து, எது தண்ணீர் எது வானம் என்று தெரியாத நேரம். அவள் வலையைத் தாழ்த்தி மூன்று முறை காற்றை அள்ளினாள்.

"வா கண்ணு, வா. தண்ணிகிட்ட இருக்காத, குளிரும். வீட்ல அடுப்பு எரியுது."

சொல்லும்போதே அவளுக்குத் தெரிந்தது. வலை வெறும் வலையாக இருந்தது. மற்றப் பிள்ளைகளுக்கு அள்ளும்போது கையில் ஒரு சின்னக் கனம் தெரியும், குஞ்சுமீன் ஒன்று ஏறினாற்போல. இன்று அது இல்லை.

வலையை மார்போடு அணைத்து, மரக்கால்கள் மேல் நின்ற வீட்டுக்கு வந்து, ஏணியடியில் நின்று வழக்கம்போலக் கேட்டாள்: "வந்தாச்சா?"

மேலேயிருந்து அவள் புருஷன் பூன்மி குரல் கொடுத்தான். "வந்தாச்சு, வந்தாச்சு! ஏறி வாங்க!"

தாவின் மணிக்கட்டில் வெள்ளை நூலைக் கட்டி முட்டையை உரித்தார்கள். முட்டையின் ஒரு பக்கம் குழிந்திருந்தது. உயிர் திரும்பியிருந்தால் முட்டை குழியாமல் முழுசாக இருக்கும். தாவ் நூலைப் பார்த்தாள், பிறகு பனியைப் பார்க்கப் போய்விட்டாள்.

"வலையில ஓட்டை இருக்கும்டி" என்றாள் பெங் அக்கா, சூழ்நிலையை லேசாக்க. "உயிரு என்ன உன் புருஷன் பிடிக்கிற கெளுத்தியா, பெரிய கண்ணி வலையில மாட்டறதுக்கு?"

"என் கெளுத்திய எதுக்குக்கா இழுக்கறீங்க?" என்றான் பூன்மி.

மனிவன் சிரிக்கவில்லை. ஓட்டை எங்கே என்று அவளுக்குத் தெரியும்.

பௌர்ணமியன்று விடியலில் பிக்குகளுக்குப் போடுவதற்காகப் பசையரிசிச் சோற்றை அவித்து, ஆறவைத்து, மூங்கில் கூடையில் நிரப்பி வைத்திருந்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் பௌர்ணமிச் சோறு தவறியதில்லை. தூய்க்குத் துணி மாற்றித் தோளில் மேல்துண்டைச் சரிசெய்துகொண்டு வந்து பார்த்தால் கூடை காலி. தாவ் மண்டியிட்டு, மேல்துண்டுக்குப் பதில் கைத்துண்டு ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு, சோற்றைச் சிறு சிறு உருண்டையாக்கித் தரைப்பலகை இடுக்குகள் வழியாகக் கீழே போட்டுக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு அடியில் வாத்துகள் வரிசையாக நின்று கழுத்தை நீட்டி வாங்கிக்கொண்டிருந்தன. தெருமுனையில் பிக்குகளின் காவி தெரிந்துவிட்டது.

அப்போது மனிவன் கத்தினாள். அந்தச் சத்தம் தன்னுடையதுதானா என்று அவளுக்கே தெரியவில்லை. "போ! என் கண்ணு முன்னால நிக்காத! எங்கயாவது போயிடு!"

தாவ் எழுந்தாள். கைத்துண்டை மடித்து வைத்தாள். ஏணியில் இறங்கிப் போனாள். பெங் அக்கா அந்நேரம் சந்தைக்குப் போயிருந்தாள், பூன்மி படகில் இருந்தான். கேட்டவர்கள் யாருமில்லை. மத்தியானம்தான் ஓடை.

பிள்ளைகளை என்ன வேண்டுமானாலும் திட்டலாம், 'போ' என்று மட்டும் சொல்லக்கூடாது என்று அந்தத் தெருவில் எத்தனை தாய்மாருக்கு அவளே சொல்லியிருக்கிறாள்! பிள்ளைக்கு அது கோபப் பேச்சு என்று தெரியும். உள்ளே இருக்கும் சின்ன உயிருக்கு அதெல்லாம் தெரியாது. போகச் சொன்னால் போய்விடும். உயிர் ஓடையில்தான் விழுந்திருக்க வேண்டும், புத்தரே, ஓடையாகவே இருக்கட்டும் என்று மூன்று நாளாக அவள் கைகூப்பிக்கொண்டிருந்தாள். அப்படி வேண்டிக்கொள்வதும் ஒரு பொய்தான் என்று இப்போது பட்டது.

மறுநாள் சாயங்காலம் பூன்மி படகைக் கட்டிவிட்டு வந்தபோது, அவள் அடுப்படியில் வலையோடு நின்றிருந்தாள்.

"என்ன தாவம்மா, ஓடைக்குப் போகலியா?"

"அங்க இல்லீங்க. இங்கதான் விழுந்துச்சு." நடந்ததை அவனிடம் சொன்னாள். தாவ் கேட்கும்படியே சொன்னாள். சொல்லி முடிக்கும்வரை தலை நிமிரவில்லை.

பூன்மி கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்தான். "வாத்துக்குச் சோறு போட்டதுக்கா?" என்றான். அவனுக்குச் சிரிப்பும் வந்தது, மகளைப் பார்த்ததும் நின்றது. "சரி. கூப்பிடு."

அவள் குனிந்து தரைப்பலகை மேல் வலையைத் தாழ்த்தினாள். விளக்கு இன்னும் ஏற்றவில்லை. அடுப்புத் தணலின் வெளிச்சம் சுவரில் மெல்ல ஏறி இறங்கியது, வீடே மூச்சு விடுவது போல. பலகை இடுக்குகளுக்குக் கீழே வாத்துகள் ஒன்றோடொன்று முணுமுணுத்துக்கொண்டு படுக்க இடம் பார்த்தன.

"வா கண்ணு" என்றாள்.  எத்தனை பிள்ளைகளுக்குக் கூப்பிட்ட குரல், இப்போது வேறு யாருடையதோ போல ஒலித்தது. வலையை இன்னும் தாழ்த்தி மறுபடி சொன்னாள். "அம்மா போன்னு சொன்னதும் போச்சே, அந்த உயிரே, வா. நீ ஒண்ணும் தப்பு பண்ணல. அம்மாதான் சொல்லக்கூடாதத சொல்லிட்டேன். வா."

ஒரு முறை அள்ளினாள். இரண்டாம் முறை அள்ளும்போது பானைக்குப் பக்கத்திலிருந்து சத்தம் வந்தது.

"அங்க இல்ல."

நாலு நாளில் தாவ் பேசிய முதல் பேச்சு. பூன்மி எழுந்திருக்கப் போனான். மனிவன் கையைக் காட்டி அவனை உட்காரவைத்தாள்.

"எங்கடா இருக்கு?"

தாவ் விரலை நீட்டினாள். "வாசல்ல. ஏணி மேல்படியில. உள்ள வராம நிக்குது."

மனிவன் வாசலைப் பார்த்தாள். பனி மேல்படிவரை ஏறி வந்து, யாரோ உட்கார்ந்திருப்பதுபோல் அங்கேயே இருந்தது.

"ஏன் உள்ள வரல?"

"உன்னப் பாத்து பயமா இருக்காம்."

மனிவன் வலையைக் கீழே வைத்தாள். வாசலிலிருந்து தள்ளி, சுவரோரம் போய் உட்கார்ந்தாள், வருகிறவருக்கு வழி விடுவது போல. "வரச் சொல்லு தாவ். நான் இங்கயே உக்காந்திருக்கேன்."

தாவ் வாசலுக்குப் போய்க் குனிந்து எதையோ கேட்டுக்கொண்டாள். திரும்பி வந்தாள். "இனிமே கத்தமாட்டியான்னு கேக்குது."

கத்தமாட்டேன் என்று சொல்ல மனிவன் வாயைத் திறந்தாள். வார்த்தை நாக்கு நுனியில் இருந்தது. பொய் சொல்லமாட்டேன் என்று ஒவ்வொரு பௌர்ணமியும் கோயிலில் சொல்லிவிட்டு வருகிறவள். இரண்டு சின்னப் பிள்ளைகள், ஈர விறகு, படகு கவிழ்ந்துவிடுமோ என்று பயப்படும் மழைக்காலம், எல்லாம் ஒரு நொடி அவள் முன்னால் வந்து நின்றன.

"கத்துவேன்டா" என்றாள். "என்னிக்காவது கத்திடுவேன். ஆனா போன்னு சொல்லமாட்டேன். எவ்வளவு கோவம் வந்தாலும் அத மட்டும் சொல்லமாட்டேன்."

"மெதுவா சொல்லுவியா?"

"மெதுவாவும் சொல்லமாட்டேன்."

"மனசுக்குள்ள?"

மனிவனுக்குக் கண் நிறைந்துவிட்டது. "மனசுக்குள்ளயும்தான்."

தாவ் யோசித்தாள். வாசல் பக்கம் திரும்பினாள். இரண்டு கையையும் கோத்துக் கிண்ணம்போல் குவித்து மேல்படியிலிருந்து எதையோ அள்ளி, சிந்திவிடாமல் அடிமேல் அடி வைத்து நடந்து வந்து, அம்மா மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டு, அதைத் தன் நெஞ்சில் வைத்துத் தேய்த்துக்கொண்டாள்.

பூன்மிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. மனிவன் வழக்கமாகக் கேட்பதை இப்போது அவன் கேட்டான். "வந்தாச்சா?"

"வந்தாச்சு" என்றாள் தாவ். "கத்தாதப்பா, பயந்துக்கும்."

நூல் கட்டினார்கள். முட்டையை உரித்துப் பார்க்க யாருக்கும் ஞாபகம் வரவில்லை, அதற்குள் தாவே உரித்துப் பாதியைத் தின்றுவிட்டாள். மிச்சத்தைத் தூய் பிடுங்கப் பார்த்தான். "உப்பே இல்ல" என்றாள் தாவ் வாய் நிறைய.

அதற்குப் பிறகு அவள் நிறுத்தவில்லை. நாலு நாளாகச் சேர்த்து வைத்ததெல்லாம் வந்தது. ஓடையில் பார்த்த நண்டுக்கு ஒரு கை பெரிசு, ஒரு கை சின்னது. பெங் பெரியம்மா தூக்கும்போது அவங்க பாவாடை அவிழப் பார்த்தது. அந்தக் கறுப்பு வாத்து மட்டும் ரெண்டு உருண்டை வாங்கிக்கிச்சு, அது நியாயமா? பூன்மி கொட்டாவி விட்டான். "போதும்டி, வாய்க்குக் கொஞ்சம் ஓய்வு குடு."

"பேசட்டும்" என்றாள் மனிவன். விடியற்காலைச் சோற்றுக்கு அரிசி ஊறவைக்க அளந்துகொண்டிருந்தாள். கறுப்பு வாத்தின் கதையில் எத்தனை படி போட்டோம் என்று மறந்துபோய், கொட்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து அளந்தாள்.