அமைச்சர் தெரியாத கம்ப்யூட்டர்

மக்காச்சோளத்துக்குப் பயிர்க் காப்பீடு பதிய இன்றுதான் கடைசி நாள். சோழபுரத்திலிருந்து சித்தப்பா மகள் மாரியக்கா ராஜபாளையத்தில் என் அறைக்கு ஓடி வந்தாள். அவள் போனிலும் சரி, பிரவுசிங் சென்டரிலும் சரி, காப்பீட்டு இணையதளத்தைத் திறந்தால் அமைச்சர் படம் பாதி வந்து, பக்கம் அப்படியே நின்றுவிடுகிறதாம்.

என் பழைய கம்ப்யூட்டரைப் போட்டேன்.

"ஏலே, என் கல்யாணத்துக்கு முந்தியே கெழடான பெட்டியாச்சேலே இது!" என்றாள் அக்கா.

அதிலிருக்கும் பழைய பிரவுசரில் படமே வராது, எழுத்து மட்டும்தான். அமைச்சர் இல்லை, ரிப்பன் வெட்டு இல்லை. பக்கம் சட்டென்று திறந்தது. பதிந்தாயிற்று!

அக்கா குதித்தாள். நானும் குதித்தேன். கீழ்வீட்டுக்காரர் கத்தினார்.

"பொறவு எதுக்குலே அவிய மூஞ்சிய அம்புட்டுப் பெருசா வச்சிருக்காவ?" என்றாள் அக்கா.

எனக்குத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். படம் மட்டும் போடாதீர்கள், என் கம்ப்யூட்டரில் தெரியாது.