ஓடை நின்ற காலை

எங்கள் ஊர் தமிழ்நாட்டோடு சேர்வதற்கு முந்தின வருஷத்து ஐப்பசி. எனக்கு எட்டு வயது. பூதப்பாண்டிக்கு வடக்கே மலையடிவாரத்தில் அப்பா வாழை வைத்து, ஓடைக்கரையிலேயே வீடும் கட்டியிருந்தார். ஐந்து நாளாகக் காற்றும் மழையும் விடவில்லை. ஓடைச் சத்தத்தில் வீட்டுக்குள் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது. வெள்ளம் அடங்க வேண்டுமென்று அப்பா மேட்டுப் பாறையில் இருக்கும் சாஸ்தாவுக்குப் பொங்கல் நேர்ந்துகொண்டார்.

ஆறாம் நாள் காலை, மழை கொட்டிக்கொண்டே இருக்க, ஓடை நின்றுவிட்டது. அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. அம்மா உடனே அடுப்பில் பொங்கல் பானையை ஏற்றினாள். நான் ஒரு செம்பைத் தூக்கிக்கொண்டு ஓடைக்குள் இறங்கினேன். குழிகளில் குஞ்சு மீன்கள் துள்ளின.

அங்கே அத்தை நின்றாள். அப்பாவின் தங்கை, மலைக்குள் வாழ்க்கைப்பட்டு, மாமா இறந்த பிறகு எங்களோடு வந்திருந்தவள். குழியில் கிடந்த செந்தண்ணீரை அள்ளி மோந்து பார்த்தாள். என்னைத் தரதரவென்று வீட்டுக்கு இழுத்து வந்தாள்.

"அண்ணே, இது நல்லதுக்கு நிக்கல்ல. மேல மலை இடிஞ்சு ஓடைய அடைச்சிருக்கு. ஒடைஞ்சா வீடு மிஞ்சாது. பிள்ளையளக் கூட்டிட்டு மேட்டுக்குப் போவோம்."

"நான் நேந்தேன், நின்னுட்டு. நீ அபசகுனமாப் பேசாம அடுப்பப் பாரு."

அத்தை முடியை அவிழ்த்து உதறினாள். உடம்பு குலுங்கியது. அப்பாவிடம் ஒருநாளும் குரல் உயர்த்தாதவள் கத்தினாள்:

"ஏலே! எனக்க பொங்கல இங்கியா வைக்க? தூக்குலே பானைய! எனக்க பாறைக்குக் கொண்டு வாலே! பிள்ளைய வரணும், பசு வரணும், ஒண்ணு கொறையப்பிடாது!"

அப்பா மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, பாதி வெந்த பானையைச் சாக்கில் சுற்றித் தலையில் ஏற்றினார். அம்மா தம்பியைத் தூக்கிக்கொண்டு பசுவை ஓட்டினாள். நான் திரும்பிப் பார்த்தேன். ஆடிக்கொண்டிருந்த சாமி, ஆட்டத்தை நிறுத்தி, கன்றுக்குட்டியின் கயிற்றை நிதானமாக அவிழ்த்தது. என்னைக் கண்டதும் மறுபடி ஆடியது.

சாஸ்தா பாறையில் நின்றால் மற்ற நாளில் கடல் ஒரு கோடாகத் தெரியும். அன்று மழைதான் தெரிந்தது. பாறையிடுக்கில் அம்மா தீ மூட்டிக்கொண்டிருக்கும்போது மலை உறுமியது. மரங்கள் நின்றபடியே சேற்றோடு இறங்கி வந்தன. பார்த்துக்கொண்டிருக்கும்போதே வீடு இருந்த இடத்தில் வீடு இல்லை.

அப்பா அத்தையின் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். அத்தை காலை இழுத்துக்கொண்டு, "என்ன அண்ணே? பொங்கல் பொங்கிட்டா?" என்றாள்.

கன்றை அவிழ்த்ததை நான் யாரிடமும் சொல்லவில்லை. சாமி பேரில் பொய் சொன்னவள் கண்ணைச் சாமி குத்திவிடுமே என்று, அத்தைக்காக வெகுகாலம் விளக்கின் முன் மன்னிப்புக் கேட்டேன். தங்கச்சி சொல்லைக் கேட்காத மனிதரிடம் பேசுவதற்குச் சாஸ்தாவுக்குத்தான் வேறு என்ன வழி இருந்தது? அது அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.