சங்கம்னா எந்தச் சங்கம்?

புருவம் எடுக்க வர்றவங்க கண்ணுல தண்ணி வரும். சங்கத்துக்கு ஆள் எடுக்கப் போனா நம்ம கண்ணுல வரும். எந்தச் சங்கத்துக்காவது உறுப்பினர் சேர்க்க அலைஞ்ச பாவிகள் இதை வாசிச்சா, ஒரு பிளேன்டீ ஊத்திக்கிட்டு உட்காருங்க. நம்ம சாதிசனம்தான் நீங்க.

தொல்லும் தோலும்

நான் ஹட்டன்ல பியூட்டி பார்லர் வச்சிருக்கேன். கையில தொழில் இருந்தும் சான்றிதழ் இல்லைன்னா, பெரிய ஹோட்டல் கல்யாணத்துக்கு நம்மளை உள்ளேயே விட மாட்டாங்க. அதுக்கு அழகுக்கலைஞர் சங்கம் வைக்கிற பரீட்சையில பாஸாகணும். கொழும்புல, சிங்களத்துல. என் சிங்களம் சந்தையில போஞ்சிக்காய் வாங்க மட்டும்தான் உதவும்.

போனேன். பரீட்சை வைக்கிற மேடம், "தொல்"லுக்கு என்ன பண்ணுவேன்னு கேட்டாங்க. தோலைத்தான் கேட்கிறாங்கன்னு நினைச்சு, கடலை மாவு போட்டுத் தேய்ச்சு, ஆவி காட்டி, கரும்புள்ளியைப் பிதுக்கி எடுப்பேன்னு அடிச்சு விட்டேன். மேடம் வாயைப் பொத்திக்கிட்டாங்க. சிங்களத்துல தொல்னா உதடாம். பெயிலாக்கிட்டு, தெரிஞ்ச தமிழ்ல சொன்னாங்க: "நங்கி, தங்கச்சி, உங்ககிட்ட லிப்ஸ்டிக் போட நமக்குப் பயம்."

நாங்க மாற மாட்டோம்

விடுவேனா? கொழும்புச் சங்கத்துக்கு போன் போட்டுக் கேட்டேன். பத்துப் பேரைச் சேர்த்தா ஹட்டனுக்குக் கிளை தருவாங்களாம். கிளை வந்தா பரீட்சை இங்கேயே, தமிழ்லேயே. பத்துப் பேர்தானேன்னு கிளம்பினேன் பாருங்க, என் புத்தியைச் சொல்லணும்.

முதல்ல தலவாக்கலை செல்வி. தேயிலைக் கொழுந்து பறிச்ச பொண்ணு. தொழில் பழகி, தோட்டத்து வேலையை விட்டுட்டு, லயத்து வீட்டு முன் அறையில பார்லர் போட்டிருக்கா. என்னைவிட நல்லா முடி வெட்டுவா, அது எனக்கு எரிச்சல்தான். அவ வாயைத் திறக்கிறதுக்குள்ள புருஷன் முத்து வந்துட்டார். தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர். சங்கம்னு சொன்னதுதான் தாமதம், மூஞ்சி மாறிடுச்சு. எங்க பக்கம் சங்கம்னா, காலையில வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்களத்துல கொடி பிடிக்கிற சங்கம் ஒண்ணுதான். நான் அவர் ஆளை இழுக்க வந்த எதிர்ச்சங்கம்னே முடிவு பண்ணிட்டார். இது மேக்கப் சங்கம்ணேன்னு தலையில அடிச்சுக்கிட்டுச் சொன்னேன். அவர் அசையல: "எந்தக் கலர் கொடியா இருந்தாலும் சரிங்க, எங்கப்பா காலத்துலேர்ந்து இந்த வீடு ஒரே சங்கம். வேணும்னா நீங்க எங்க பக்கம் வந்துருங்க."

பெட்டி யார் பொறுப்பு?

கந்தப்பளை மேரியக்கா பார்லர்ல வேற கூத்து. அவங்களுக்குச் சங்கம்னா மரண உதவிச் சங்கம். பெட்டி யார் பொறுப்பு, கதிரையும் கூடாரமும் எத்தனை நாளைக்குன்னு விசாரிச்சாங்க. அதெல்லாம் இல்லக்கா, முகத்துக்குப் புதுப் புது மேக்கப் சொல்லித் தருவாங்கன்னேன். என்னை மேலயும் கீழயும் பார்த்துட்டுச் சொன்னாங்க: "செத்ததுக்கப்புறம் என்னை எவன்டி பார்த்து மயங்கப் போறான்?"

எல்லாரும் தலைவி

மேரியக்காவுக்குப் புரிய வச்சுச் சேர்த்தேன். அப்படியே ஒவ்வொருத்தியா வந்தாங்க, ஆனா எல்லாருக்கும் பதவி வேணும். தலைவி, உப தலைவி, இணைத் தலைவி, ஆலோசகர்னு வாரி வழங்கினேன். கடைசியா இறம்பொடை சுமதிகிட்ட, நீ சாதா உறுப்பினரா இரேன்னு கெஞ்சினேன். சட்டுனு சொன்னா: "வாயை மூடிக்கிட்டு உறுப்பினரா இருக்க எனக்கு மாமியார் வீடே போதுங்க."

அவளும் ஒரு இணைத் தலைவி.

பத்தாவது ஆள்

கிளை திறக்கிற அன்னைக்கு கொழும்புலேர்ந்து வந்தது அதே பரீட்சை மேடம். தலையை எண்ணினாங்க. செல்வி சேராததால என்னையும் சேர்த்து ஒன்பதுதான், எண்ண மாட்டாங்கன்னு நம்பியிருந்தேன். பத்து இல்லைன்னா கிளை இல்லைன்னு பையைத் தூக்கிட்டாங்க. மறுபடியும் கொழும்பு, மறுபடியும் தொல்லு.

அப்பதான் வாசல்ல செல்வி. பின்னாலேயே முத்து, ஒரு வீட்டுக்குள்ள ரெண்டு சங்கம் எப்படின்னு சத்தம் போட்டுக்கிட்டே வர்றார். செல்வி நின்னு திரும்பினா. "கூடை தூக்கின வரைக்கும் உங்க சங்கத்துலதான் இருந்தேன். இப்ப என் கையில கத்தரிக்கோல். நாளைக்கு எனக்கு ஒண்ணுன்னா உங்க சங்கம் வருமா?"

செல்வி உள்ளே வந்து கையெழுத்துப் போட்டா. என்னைவிட நல்லா முடி வெட்டுறாளேங்கிறதை அன்னைக்கு மன்னிச்சுட்டேன். முத்துவும் பின்னாலேயே கடைசிக் கதிரையில வந்து உட்கார்ந்து, என்னைக் கூப்பிட்டு மெதுவாச் சொன்னார்: "ஸ்ட்ரைக் எப்பன்னு மட்டும் முன்னாடியே சொல்லிருங்க, எங்க ஆளுங்களையும் கூட்டிட்டு வர்றேன்."

கிளை வந்துடுச்சு, பரீட்சையும் தமிழ்லதான், ஆனா இனிமே பெயிலானா சிங்களத்து மேல பழியைப் போட முடியாதேன்னு நினைச்சாத்தான் பகீர்னு இருக்கு.