படிக்கட்டுக்கு அடியில் ஒரு வீடு

மேஸ்திரி என்று அவளுக்குப் பட்டப்பேர் வைத்தது பஸ் நிலையத்துக் கழிப்பறையைப் பார்த்துக்கொள்ளும் அக்கா. பன்னிரண்டு வயதுகூட நிரம்பாதவளுக்கு அந்தப் பேர் அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தும். நிற்கிற பஸ்ஸையே தள்ளி நிறுத்தச் சொல்லி டிரைவரிடம் அதிகாரம் பண்ணுகிறவள் ஆயிற்றே. அப்படிப்பட்டவள் தனக்கும் தங்கைக்கும் இடம் பிடிக்கக் கிளம்பினால் சும்மா திரும்புவாளா?

ஆனால் அவள் பிடித்த இடத்தை இடம் என்று சொல்லவே வாய் கூசும். பஸ் நிலைய ஆபீஸ் மாடிக்குப் போகும் படிக்கட்டின் அடியில் ஒரு மூலை. அவசரக்கார ஆண்கள் எல்லாரும் ஒதுங்குவது அங்கேதான். குடலைப் பிடுங்கும் நாற்றம். இருந்தாலும் மூன்று பக்கமும் சுவர், எவ்வளவு மழை அடித்தாலும் ஒரு சொட்டு உள்ளே வராது. ஈரம் பட்டால் தங்கைக்கு மூச்சு இழுக்கும். அவளை உள்பக்கம் படுக்கவைத்து இவள் வெளிப்பக்கம் படுத்தால், கை நீட்டுகிற எவனும் மேஸ்திரியைத் தாண்டித்தான் போயாக வேண்டும்.

கழிப்பறை அக்காவிடம் கெஞ்சிக் கூத்தாடி பிளீச்சிங் பவுடர் வாங்கினாள். வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்து, கை தோல் உரியும்வரை தேய்த்தாள். ஒதுங்க வந்தவர்களை, “இது வீடுய்யா, கண்ணு தெரியல?” என்று கத்தி விரட்டினாள். ஒருவன் அறைந்தான். வாங்கிக்கொண்டு அங்கேயே நின்றாள். கொஞ்சம் கொஞ்சமாக நாற்றம் போயிற்று. கிழிந்த விளம்பரத் துணி படுதாவாயிற்று. தங்கை கரித்துண்டால் சுவரில் ஒரு ஜன்னல் வரைந்தாள். அதைப் பார்த்து மேஸ்திரிக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தச் சந்தோஷம் யார் கண்ணை உறுத்தியதோ. படி இறங்கி வந்த மேனேஜர் ஒருநாள் படுதாவை விலக்கிப் பார்த்தார்.

“அட, இவ்வளவு இடம் இங்க சும்மாவா கிடந்துச்சு?” என்று வாட்ச்மேனைக் கேட்டார்.

பயணிகள் பை வைக்கிற அறை அங்கே வரப்போகிறதாம். வாட்ச்மேன் இவர்களுடைய சாக்கை எடுத்து வெளியே வீசினான். மேஸ்திரி ஓடிப்போய் மேனேஜர் முன்னால் நின்றாள்.

“ஐயா, நாங்க வந்தப்ப இங்க நாய்கூட படுக்காது. நான்தான்யா கழுவினேன்.”

“உன்னை யாரு கழுவச் சொன்னா?”

அந்த மனுஷன் கோபமாகக்கூடக் கேட்கவில்லை. மேஸ்திரி வெளியே கிடந்த சாக்கைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். பாவி, இரண்டு அடி போட்டுத் துரத்தியிருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

இப்போது அவர்கள் இருப்பது மார்க்கெட்டுக்குப் பின்னால், குப்பைமேட்டை ஒட்டிய தகரச் சரிவின் கீழே. போன அன்றே தங்கை ஓர் அட்டையை எடுத்துத் தரையைக் கூட்ட உட்கார்ந்தாள். மேஸ்திரி அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு அவள் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். தங்கைமேல் அவள் கைவைத்தது அதுதான் முதல் தடவை.

“நாறுதுக்கா…” என்று தங்கை விம்மினாள்.

“நாறட்டும்டி. நாறுனாத்தான் நம்மள விட்டுவைப்பாங்க.”

சொன்னதோடு நிற்கவில்லை. குப்பைமேட்டுக்குப் போய், அழுகிய முட்டைக்கோஸை இரண்டு கையாலும் அள்ளிவந்து, ஆள் நுழைகிற வழியெல்லாம் தானே பரப்பினாள்.